புதிய மடலேற்றம்

காதலியை ஏதோவொரு காரணம் காட்டி ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று, அவள் சற்றும் எதிர்பாராத வேளையிலே அவள்முன் முழந்தாளிட்டு, மோதிரத்தை நீட்டி, தன்னை மணக்கச் சம்மதமா என வினவும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்து எமது நகரங்களிலும் பரவி வருகின்றது. நண்பர் குழாம் மறைந்து நிற்கும். விளக்கும் பூவும் சோடனையும் முன்னரே ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். படம் பிடிப்போர் ஆயத்தமாயிருப்பர். அவள் தலையசைத்ததும் ஆரவாரம் எழும். சில நாழிகையில் உலகமே அதனைக் கைத்தொலைபேசியிற் கண்டு வாழ்த்தும்.

இளைஞரின் மகிழ்ச்சியைக் கெடுப்பது எமது நோக்கமன்று. இவ்வழக்கம் அந்நியமானது என்பதனாலேயே அதனைப் பழிப்பதும் நேர்மையாகாது. ஆயினும், கேட்பவனுக்கு மாதக் கணக்கான ஆயத்தத்தையும், பதில் கூற வேண்டியவளுக்கு ஒரு கணத்தையும் கொடுக்கும் இவ்வொழுங்கிலே நீதி இருக்கின்றதா என ஆராய்வது அவசியமாகின்றது. அதற்கான அளவுகோலைத் தேடி நாம் வெளியே செல்ல வேண்டியதுமில்லை. எமது அகத்திணை மரபிலேயே அஃது உண்டு.

தன் காதலுக்குத் தோழி துணை செய்யாதவிடத்து, பனைமடலாற் குதிரை செய்து, எருக்கங் கண்ணியும் ஆவிரம் பூவும் அணிந்து, காதலியின் உருவெழுதிய கிழியைக் கையிலேந்தி ஊர்த்தெருவிலே செல்வேன் என்று தலைவன் கூறுவது மடல் எனப்பட்டது. ஊரார் காண்பர், அலர் எழும், பெண்வீட்டார் அவளைக் கொடுத்தே தீர வேண்டிய நிலை உருவாகும். மடலைப் பாடியதனாலே மாதங்கீரனார் என்னும் புலவருக்கு அதுவே அடைமொழியும் ஆயிற்று. திருக்குறளின் நாணுத்துறவுரைத்தல் என்னும் அதிகாரமும் இப்பொருளையே தொடுகின்றது.

ஆனால், எமது இலக்கண ஆசிரியர்கள் இவ்விடத்திலே காட்டிய நுண்ணறிவு போற்றத்தக்கது. மடலேறுவேன் என்று வாயாற் கூறுதலை அவர்கள் அன்பின் ஐந்திணைக்குள் அமைய விட்டனர். உண்மையாகவே ஏறிவிட்ட மடலையோ தொல்காப்பியம் பெருந்திணையிற் சேர்த்தது. பெருந்திணையாவது பொருந்தாக் காமம். காதலின் மிகுதியை அவர்கள் குறைவாக மதிக்கவில்லை. ஊரைச் சாட்சியாக்கி ஒருத்தியின் சம்மதத்தைப் பெறும் செயல், அவன் அன்பு எவ்வளவு மெய்யாயினும், பொருத்தமுள்ள காதலின் எல்லையைக் கடந்துவிடுகின்றது என்பதே அப்பாகுபாட்டின் உட்கிடை என நாம் கருதுகின்றோம்.

பலர் கூடிய மண்டபத்திலே, விளையாட்டரங்கின் பெருந்திரையிலே, உணவு விடுதியின் நடுவிலே நிகழும் இற்றைநாள் வேண்டுகோளும் ஏறிய மடலே. எருக்கம்பூவுக்குப் பதிலாக ரோசாப்பூ, உருவெழுதிய கிழிக்குப் பதிலாக ஒளிப்படக் கருவி, இவ்வளவே வேறுபாடு. நூறு கண்கள் நோக்கி நிற்க ஒருத்தி "இல்லை" என்று சொல்வாளாயின், அவள் கல்நெஞ்சினள் என்று பெயர் எடுப்பாள், அவன் இரக்கத்துக்குரியவனாவான். அந்த அச்சத்திலே பிறக்கும் "ஆம்" என்னும் சொல்லைச் சம்மதம் என்று எவ்வாறு கொள்வது?

2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக் விழாவிலே நிகழ்ந்ததொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. பெண்களுக்கான 3 மீற்றர் பலகையிலிருந்து நீரிற் பாயும் போட்டியிலே சீன வீராங்கனை ஹே சி வெள்ளிப் பதக்கம் பெற்றார். பதக்கம் அணிந்து நின்ற அவர்முன் சக வீரரும் காதலருமான சின் காய் முழந்தாளிட்டு மோதிரத்தை நீட்டினார். அவர் கண்ணீரோடு இசைந்தார். அவ்விருவரும் ஆண்டுக் கணக்காகப் பழகியவர்கள். அவர்களின் அன்பை ஐயுற எமக்கு உரிமையில்லை. எனினும், தன் உழைப்பால் ஒரு பெண் அடைந்த வெற்றியின் மேடை அக்கணமே ஓர் ஆடவனின் வேண்டுகோளுக்கு அரங்காக மாறியது தகுமா என்ற விவாதம் அன்று பல நாடுகளிலும் எழுந்தது. அவ்விவாதம் நியாயமானதே.

"இதனாலேதான் எமது பழைய முறையே சிறந்தது" என்று பெரியோர் சிலர் உடனே மகிழக் கூடும். அவர்களும் சற்றுப் பொறுத்தல் வேண்டும். பெண் பார்க்கும் படலத்திலே தேநீர்த் தட்டுடன் அந்நியர் முன்னே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்தது? சீதனப் பேச்சு முடிந்து நாளும் குறித்த பின்னர் அவள் சம்மதத்தை வினவிய வீடுகள் எத்தனை? அங்கும் அரங்கு இருந்தது; அவையோர் இருந்தனர்.

எனினும், பழைய முறையிலே மதிக்கத்தக்க ஒன்று இருந்தது. அது மறுப்புக்கு ஒரு வாயிலை வைத்திருந்தது. தரகர் இடையிலே நின்றார். விருப்பமில்லாத வீட்டார் "சாதகம் பொருந்தவில்லை" என்று சொல்லி அனுப்பினர். கிரகங்களின் மேற் பழி விழுந்தது. மனிதர் எவரும் அவமானப்படவில்லை. அவ்வாயில் பெற்றோருக்குப் பெரிதும் பயன்பட்டதேயன்றிப் பெண்ணுக்கு அருகியே பயன்பட்டது என்பதும் உண்மையே. மணப்பெண்ணையே நேரிற் கேட்கும் புதிய வழக்கம் அவ்வகையிலே ஒரு முன்னேற்றமாகும். ஆனால், அவளைக் கேட்கத் துணிந்தவர்கள் அவள் மறுப்பதற்கான வாயிலை அடைத்துவிட்டார்கள் என்பதே எமது குறை.

மறுப்புக்கு இடம் வைத்துக் கேட்பது எவ்வாறு என்பதனை ஜேன் ஒஸ்ரின் 1813இல் வெளியிட்ட "பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்" என்னும் நாவலிலே காணலாம். எலிசபெத்தை மணக்க விரும்பிய கொலின்ஸ், அவளுடைய மறுப்பை நாணத்தின் நடிப்பென்றே கொண்டு மேலும் மேலும் வற்புறுத்துகின்றான். பின்னர் டார்சி, அவள் சற்றும் எதிர்பாராத வேளையிலே, தனித்திருந்த அவளிடம் தன் காதலைக் கூறுகின்றான். அவள் இசைவாள் என்பதில் அவனுக்கு ஐயமேயில்லை. அவளோ மறுக்கின்றாள், காரணங்களையும் முகத்துக்கு நேரே சொல்கின்றாள். அவ்விடத்திலே ஊரார் கூடியிருந்தால் அவளால் அவ்வளவு தெளிவாகப் பேச இயன்றிருக்குமா? அம்மறுப்பே அவனைத் திருத்துகின்றது. மாதங்கள் கழித்து மீண்டும் கேட்கும்போது, அவள் மனம் மாறவில்லையாயின் ஒரு சொல்லே போதும், இப்பேச்சை இனி எடுப்பதில்லை என்று முன்னரே உறுதி கூறிவிட்டுத்தான் அவன் கேட்கின்றான். கதையின் இன்பம் முழுவதும் அவ்வேறுபாட்டிலேதான் தங்கியிருக்கின்றது.

அப்படியாயின் வியப்புக்கே இடமில்லையா? உண்டு. இங்கிலாந்து இளவரசர் வில்லியம் 2010 ஒக்டோபரிலே கென்யா நாட்டின் மலைப்புறமொன்றிலே கேற் மிடில்டனிடம் திருமணம் பற்றிக் கேட்டார். அவர் கொடுத்த மோதிரம், 1981இல் அவருடைய தாயார் டயானாவுக்கு நிச்சயதார்த்தத்தின்போது அளிக்கப்பெற்றது. அதிலே பதித்திருப்பது எமது இலங்கை மண் தந்த நீலக்கல். அம்மோதிரத்தை அவர் மூன்று வாரமளவிலே முதுகுப் பையிற் காவித் திரிந்தாராம். எனினும், திருமணத்தைப் பற்றித் தாம் இருவரும் நெடுங்காலமாகப் பேசிவந்ததாகவும் அவர் பின்னர்ச் செவ்வியொன்றிலே தெரிவித்தார். ஆகவே நாளும் இடமும் மோதிரமும் அவளுக்குப் புதியன; கேள்வி புதிதன்று. வருடக் கணக்கிலே ஆறுதலாகப் பேசி, ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்த பின்னர், அவ்வுடன்பாட்டுக்கு ஓர் அழகிய வேளையைத் தேடிக் கொடுப்பதில் எவ்வித குற்றமும் இல்லை.

இதிலே வணிகத்தின் பங்கையும் மாணவர்கள் மறந்துவிடலாகாது. வைரமும் காதலும் அழியாத் தன்மையிலே ஒன்று என்னும் எண்ணம் 1947இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட விளம்பர வாசகத்தாலே உலகெங்கும் ஊன்றப்பட்டது. இன்று சோடனைக்காரரும் விடுதிக்காரரும் படப்பிடிப்பாளரும் அதன்மேல் மாடி கட்டுகின்றனர். அரங்கு பெரிதானால் செலவும் பெரிதாகும். ஆதலினால், அரங்கு சிறிதாயிருத்தல் நன்று என எவரும் இளைஞருக்கு விளம்பரஞ் செய்யப் போவதில்லை. அதனை ஆசிரியரும் எழுத்தாளருமே சொல்ல வேண்டியிருக்கின்றது.

மோதிரம் வாங்கப் புறப்படும் இளைஞனுக்கு நாம் கூறத்தக்கது இதுவே. உன் திட்டத்தை எழுதிவைத்துக்கொள். பூவையும் இசையையும் உன் விருப்பப்படி சேர். பின்னர் ஒன்றை மாத்திரம் எண்ணிப் பார்: அன்று அவள் "இல்லை" என்றோ "யோசித்துச் சொல்கிறேன்" என்றோ விடையளித்தால், அவ்விடத்திலிருந்து எவர் முகத்துக்கும் அஞ்சாமல் அவள் வீடு திரும்ப இயலுமா? இயலுமாயின் உன் திட்டம் நல்ல திட்டம். இயலாதாயின், எவ்வளவு செலவானாலும் அதனைக் கைவிட்டு, அவளோடு தனியே அமர்ந்து பேசு.