யாருடைய நிலத்தில் ஓடுகிறது பந்தயக் கார்?

திருநாவலூர் மக்களுக்குத் தேர் புதிதல்ல. சுந்தரர் பிறந்த ஊர் இது. சிறு பிள்ளையாக இவ்வூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த அவரை நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் கண்டு, எடுத்துச் சென்று வளர்த்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தச் சிறுதேர் உருள்வதற்காக யாருடைய கழனியும் பறிபோகவில்லை. தெரு இருந்தது, பிள்ளை இருந்தான், விளையாட்டு நடந்தது.

இன்று அதே ஊரின் வாலிபன் தன் கைபேசியில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கண்டு மகிழ்கிறான். மகிழட்டும். அந்தக் காரின் ஒவ்வொரு திருகாணியிலும் மனித மூளையும் தொழிலாளியின் கைத்திறனும் இருக்கின்றன. இயந்திரத்துக்கு நாம் விரோதிகள் அல்லர். வேகத்துக்கும் விரோதிகள் அல்லர். ஆனால் உழைப்பாளி மக்கள் எதைப் பார்த்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இது யாருடைய நிலத்தில் நடக்கிறது? யாருடைய பணத்தில் நடக்கிறது? நடத்தலாம் என்று முடிவு செய்தவர் யார்?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு பாடப் புத்தகம் போல விடை தருவது 2011ஆம் ஆண்டின் பார்முலா ஒன் பந்தய வரிசை. அந்த ஆண்டில்தான் அந்தச் சர்வதேசப் பந்தயம் முதன்முதலாக இந்திய மண்ணில் நடந்தது.

ஒரு தேதி, இரு நாடுகள்

அந்த ஆண்டுப் பந்தய வரிசை மார்ச் 13ஆம் தேதி பஹ்ரைன் நாட்டில் தொடங்குவதாக இருந்தது. மன்னர் குடும்பம் ஆளும் எண்ணெய் நாடு அது. பிப்ரவரி 14 அன்று அந்நாட்டு மக்கள் ஜனநாயக உரிமை கேட்டு வீதிக்கு வந்தார்கள். தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடாரமிட்டு அமர்ந்தார்கள். விடியுமுன் போலீஸ் பாய்ந்தது. மக்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். மார்ச் மாதத்தில் சவூதிப் படைகள் எல்லை தாண்டி வந்தன. சதுக்கத்தில் நின்ற முத்துச் சின்னத்தையே அரசு இடித்துத் தள்ளியது. பந்தயத் திடலில் வேலை பார்த்த ஊழியர்கள் பலரும் கைது செய்யப்பட்டார்கள்.

இந்த நிலையில் பந்தயம் நடத்த முடியவில்லை; பிப்ரவரி 21 அன்று தள்ளிவைத்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஜூன் 3 அன்று சர்வதேச மோட்டார் சம்மேளனம் கூடி, பஹ்ரைன் பந்தயத்தை அக்டோபர் 30 அன்று நடத்தலாம் என்று முடிவெடுத்தது. அந்த அக்டோபர் 30தான் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நாள்! மன்னரின் மனம் குளிர, இந்தியப் பந்தயத்தை டிசம்பருக்குத் தள்ளினார்கள். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பந்தயக் குழுக்களும் தேதி மாற்றத்தை எதிர்த்தன. ஒரு வாரத்துக்குள் பஹ்ரைன் பந்தயம் கைவிடப்பட்டது. இருபது பந்தயங்களாக இருக்கவேண்டிய வரிசை பத்தொன்பதாகக் குறைந்தது.

இதில் தெரிவது என்ன? கோடீஸ்வரர்களின் கடிகாரத்தையும் நிறுத்தும் பலம் வீதியில் திரண்ட மக்களுக்கு உண்டு என்பது. மறு ஆண்டே, 2012 ஏப்ரலில், எதிர்ப்புக்கு நடுவிலேயே அங்கு பந்தயத்தை நடத்திவிட்டார்கள் என்பதும் உண்மை. ஒருமுறை பெற்ற வெற்றியை மறுமுறையும் காத்தாக வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

கரும்பு நிலத்தில் கார்த் திடல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தில்லிக்கு அருகே, உத்தரப் பிரதேசத்தின் கௌதம புத்த நகர் மாவட்டம். யமுனை விரைவுச் சாலையும் அதன் ஓரத்தில் புதிய நகரங்களும் அமைப்பதற்கென்று விவசாயிகளின் நிலங்களை சர்க்கார் கையகப்படுத்தியது. கையகப்படுத்திய நிலத்தில் சுமார் 1,000 ஹெக்டேர் ஜேப்பி என்ற பெருமுதலாளிக் குழுமத்தின் கைக்குப் போனது. அங்கே எழுந்ததுதான் புத்தர் பெயர் தாங்கிய பந்தயத் திடல். ஆசையை விடச் சொன்னவரின் பெயர். அடியிலோ விவசாயியிடம் வாங்கிய மண்!

அக்காலத்தில் நிலம் எடுக்க சர்க்காரின் கையில் இருந்தது வெள்ளையன் 1894இல் செய்துவைத்த சட்டம். அதில் 17ஆம் பிரிவு என்று ஒன்று. ‘அவசரம்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும்; நிலத்துக்குரியவன் ஆட்சேபம் சொல்லும் உரிமையே போய்விடும். பூகம்பம், வெள்ளம் என்றால் அவசரம் புரிகிறது. அடுக்கு மாடி கட்டி விற்க என்ன அவசரம்? கிரேட்டர் நொய்டாவின் ஷாபேரி கிராமத்தில் 156 ஹெக்டேர் நிலம் எடுத்தது செல்லாது என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் செய்தது.

அதற்கு முன்பே, மே 7 அன்று, அதே மாவட்டத்தின் பட்டா, பர்சோல் கிராமங்களில் விவசாயிகளுக்கும் போலீசுக்கும் மோதல் மூண்டது. விவசாயிகள் இருவரும் போலீஸ்காரர் இருவரும் மாண்டார்கள். மாண்ட போலீஸ்காரரும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே? நிலம் வாங்கி விற்றவன் வீட்டில் யாரும் சாகவில்லை. பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, அக்டோபர் 21 அன்று, நொய்டா, கிரேட்டர் நொய்டா விவசாயிகளுக்கு 64.7 சதவீதம் கூடுதல் நஷ்ட ஈடும், மேம்படுத்திய நிலத்தில் 10 சதவீதமும் தரவேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போராடியிராவிட்டால் இந்த அளவாவது கிடைத்திருக்குமா?

யார் பார்த்தார்கள்? யார் ஓட்டினார்கள்?

அக்டோபர் 30 அன்று பந்தயம் நடந்தது. சுமார் 95,000 பேர் பார்த்தார்கள் என்றார்கள். மிக மலிவான டிக்கெட்டே 2,500 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி 119 ரூபாய். வெயிலில் ஏரி வெட்டும் நம் தாய்மாருக்கு அது 21 நாள் கூலி! பயிற்சி ஓட்டத்தின் முதல் நாளன்று தெரு நாய் ஒன்று திடலுக்குள் புகுந்து ஓட்டத்தையே நிறுத்திவைத்தது. டிக்கெட் வாங்காமல் உள்ளே போன ஏழை அது ஒன்றுதான்.

ஜெர்மானிய வீரர் செபாஸ்டியன் வெட்டல் முதலாவதாக வந்தார். அந்த ஆண்டு 11 பந்தயங்களில் வென்று, 392 புள்ளிகளுடன் சாம்பியன் பட்டமும் பெற்றார். அவரது திறமையை யாரும் மறுக்கவில்லை. நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் ஓடினார், 17ஆவதாக வந்தார். அந்த ஆண்டின் முற்பகுதிப் பந்தயங்களில் ஓட்டிய அவரை இடையில் இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றியிருந்தார்கள். இந்தியாவில் பந்தயம் வந்ததும் மீண்டும் அவரை ஏற்றினார்கள். பந்தயக் குழுக்களின் கடைசி வரிசையில் ஓட்டுபவரின் கைத்திறனோடு அவர் கொண்டுவரும் விளம்பரப் பணமும் தராசில் ஏறுகிறது. கோவை வாலிபனின் திறமைக்கே இந்தக் கதி என்றால், மெக்கானிக் கடையில் கை கறுக்க வேலை செய்யும் உளுந்தூர்ப்பேட்டைப் பையனுக்கு அங்கே இடமேது?

இந்தியப் பெயர் தாங்கிய குழு ஒன்றும் அதில் ஓடியது: போர்ஸ் இந்தியா. சாராய வியாபாரி விஜய் மல்லையா அதன் அதிபர். அந்த அக்டோபரிலேயே சஹாரா குழுமம் 10 கோடி டாலர் கொடுத்து அதில் 42.5 சதவீதப் பங்கு வாங்கியது. அதற்கு நான்கு மாதம் முன்புதான், சஹாராவின் இரு கம்பெனிகள் ஜனங்களிடம் திரட்டிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று செபி உத்தரவிட்டிருந்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது; தொகை சுமார் 24,000 கோடி ரூபாய்! மல்லையாவின் கிங்பிஷர் விமானக் கம்பெனி ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் காணாமல் 2012 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். விமானங்கள் தரையில் நின்றன. அதே மாதம் அவருடைய கார்கள் புத்தர் திடலில் சுற்றிச் சுற்றி ஓடின. சம்பளத்துக்குப் பணமில்லை, சக்கரத்துக்குப் பணம் உண்டு! 2016இல் அவர் நாட்டை விட்டே போனார்.

மூன்று ஓட்டமும் முப்பது வழக்கும்

பந்தயம் எத்தனை ஆண்டு நடந்தது? 2011, 2012, 2013. மூன்றே ஓட்டம். இது விளையாட்டா, கேளிக்கையா என்ற வரித் தகராறு முற்றியது. இது கேளிக்கை வியாபாரம் என்று 2009இலேயே மத்திய விளையாட்டு அமைச்சகம் சொல்லியிருந்தது. உத்தரப் பிரதேச சர்க்காரோ கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னது. பந்தயத்தை நடத்தும் உரிமைக்காகவே ஓராண்டுக்கு 4 கோடி டாலர் பேசி முடித்திருந்தார்கள். அந்த வெளிநாட்டுக் கம்பெனி இந்தியாவில் வரி கட்டியே ஆகவேண்டும் என்று 2017இல்தான் தீர்ப்பு வந்தது.

நிலம் என்ன ஆயிற்று? பாக்கி கட்டவில்லை என்று 2020இல் யமுனை விரைவுச் சாலை ஆணையம் ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. ஜேப்பி குழுமத்தின் தாய்க் கம்பெனி 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. முதலாளி திவாலாகலாம், அதற்கு நீதிமன்றம் உண்டு, கடன் சீரமைப்பு உண்டு. நிலம் இழந்த விவசாயி திவாலானால் என்ன உண்டு?

சென்னையும் நம் ஊரும்

இது வடக்கத்திக் கதை என்று நாம் சும்மா இருக்க முடியாது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, மூன்றரைக் கிலோமீட்டர் நகரச் சாலையில் இரவில் பார்முலா 4 கார்கள் ஓடின. 2023 டிசம்பரிலேயே நடத்த நாள் குறித்திருந்தார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் ஒத்திவைத்தார்கள். இதற்காக சர்க்கார் ஒதுக்கிய பணம் 40 கோடி ரூபாய்க்கு மேல். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் திடல் ஒன்று இருக்கும்போது நகரச் சாலை எதற்கு? சர்க்கார் செய்த செலவைப் பந்தயம் நடத்தும் தனியார் கம்பெனி ஈடுசெய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது.

மாநிலத் தலைநகர் இந்தப் பந்தயத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அதே 2023 நவம்பரில், செய்யாறு வட்டம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே பெரும்பாலோர் மீது போட்டதைத் திரும்பப் பெற்றார்கள். கழனியைக் காப்பவன் குண்டனா?

1894ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டதே என்று சிலர் கேட்கலாம். உண்மை. பட்டா, பர்சோல் முதலிய ஊர்களின் போராட்டம்தான் 2013ஆம் ஆண்டு புதிய சட்டத்துக்கு வழி செய்தது. தனியார் திட்டமானால் 80 சதவீதம், அரசு தனியார் கூட்டுத் திட்டமானால் 70 சதவீதம் நிலக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும். சமூகப் பாதிப்பை ஆராயவேண்டும் என்கிறது அது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தால் இந்தச் சம்மத நிபந்தனை பொருந்தாது. 2019இல் சட்டமன்றம் அந்தச் சட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நஷ்ட ஈடு மட்டும் புதிய கணக்கு. சம்மதம் கேட்பது மட்டும் இல்லை!

திருநாவலூர், உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்தின் கரும்புக்காரரும் மணிலா விவசாயியும் இதைக் கவனிக்கவேண்டும். திருச்சி நெடுஞ்சாலை நம் வட்டாரத்தை ஊடுருவிப் போகிறது. நெடுஞ்சாலை ஓர நிலத்தின் மீதுதான் முதலாளியின் கண் முதலில் விழும். நாளை ஒரு நோட்டீஸ் வரலாம். அதில் ‘பொதுக் காரியம்’ என்று எழுதியிருக்கும். பொதுமக்களைக் கேட்காத காரியம் எப்படிப் பொதுக் காரியமாகும்?

தொழில் வரவேண்டும், அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. வேலை வேண்டும் நம் வாலிபர்களுக்கு. ஆனால் கால் காணி வைத்திருப்பவனின் சம்மதம் இல்லாமல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் சம்மத உரிமை தொழிற்பேட்டை நிலத்துக்கும் பொருந்துமாறு மாநிலச் சட்டம் திருத்தப்பட வேண்டும். பந்தயத்துக்காகப் பொதுப் பணம் ஒரு ரூபாய் போனாலும் வரவு செலவுக் கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கோடிகளை நகரச் சாலையில் கொட்டுமுன், கிராமப் பள்ளிகளில் மைதானம் இருக்கிறதா, உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். விவசாயிகள் சங்கமும் வாலிபர் சங்கமும் சேர்ந்து வீடு வீடாகச் சென்று இதை விளக்கட்டும். பஹ்ரைன் மக்கள் வெறுங்கையோடு வீதிக்கு வந்துதான் ஒரு பந்தயத்தை நிறுத்தினார்கள். நம் கையில் வாக்கு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, நிலத்தின் பட்டாவும் இருக்கிறது. ஒன்றுபட்டு நின்றால் நம்மைக் கேளாமல் நம் மண்ணில் எந்தச் சக்கரமும் உருளாது!