கரைசலின் புளிப்பும் பளிங்கின் ஒளியும்

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பாராட்டுதல் மரபு. அப்பணிக்கு எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். யாம் நல்லதண்ணியிலே தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர். பளிங்கைப் பற்றிச் சில கூறி, அதன்வழி இக்கல்லூரியின் பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறோம். தமிழாசிரியருக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று வினவுவோரும் இருக்கலாம். பிள்ளை பொருளை அறிவது சொல்லின் வழியாக. சொல்லைக் காப்பவர் பொருளைப் புறக்கணித்தல் ஆகாது என்பதே எம் விடை.

தமிழகத்துப் பாடநூல்கள் படிகம் என்று கூறுவதை ஈழத்துப் பாடநூல்கள் பளிங்கு என்று கூறும். முன்னையது ஸ்படிகம் என்னும் வடசொல்லின் வழி வந்தது. பின்னையது வள்ளுவர் உவமையாக ஆண்ட பழஞ்சொல். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. துணிக்கைகள் ஓர் ஒழுங்கில் அடுக்கடுக்காக அமைந்த திண்மமே பளிங்கு. கோயிலிற் பெறும் கற்கண்டும் பளிங்கு. ஆனையிறவில் விளைந்த உப்பும் பளிங்கு. இரண்டும் கரைசலிலிருந்து பிறந்தவை. எனவே, எத்தகைய கரைசல் எத்தகைய பளிங்கைத் தரும் என்பது ஆராயத்தக்க வினா.

இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருவது கிளைசீன் என்னும் அமினோ அமிலம். அமினோ அமிலங்கள் புரதங்களை ஆக்குவன. அவற்றுள் மிகச் சிறியது கிளைசீன். 1820 ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிராக்கொனோ இதனை ஜெலற்றினிலிருந்து பிரித்தெடுத்தார். இனிப்புச் சுவையுடையதாதலின் கிரேக்கச் சொல்லொன்றின் வழியே அதற்குப் பெயர் அமைந்தது. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் மூன்றிலொரு பங்கு கிளைசீனாக இருத்தலின் காரணத்தை, முப்புரியான அதன் அமைப்பின் வாயிலாக, 1954 இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கிய பெருமை ஜி. என். இராமச்சந்திரனுக்கும் அவர்தம் துணைவர் கார்த்தாவுக்கும் உரியது.

கிளைசீனைத் தூய நீரிற் கரைத்து, அந்நீரை மெல்ல ஆவியாக விட்டால், அல்பா என்னும் வடிவப் பளிங்கு தோன்றும். அக்கரைசலில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு முனையில் நேரேற்றமும் மறுமுனையில் மறையேற்றமும் தாங்கி நிற்கும். பளிங்கிலே அவை ஒன்றுக்கொன்று எதிர்நோக்கி இணையிணையாக அமைந்துவிடும். கரைசலின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4 இற்குக் கீழே இறங்குமாறு அமிலம் சேர்ப்பினும், ஏறத்தாழ 9 இற்கு மேலே ஏறுமாறு காரம் சேர்ப்பினும் நிலைமை மாறும். காமா என்னும் வேறு வடிவம் தோன்றும். அசற்றிக் அமிலமோ அமோனியாவோ சேர்ந்த கரைசலிலிருந்து இவ்வடிவத்தைப் பெற்று 1954 இல் உலகிற்கு அறிவித்தவர் ஜப்பானிய விஞ்ஞானி இயிற்றாக்கா.

இம்மாற்றத்தின் காரணம் என்னை? அமிலம் மிகும்போது மூலக்கூறுகளுட் சில தம் மறையேற்றத்தை இழந்து நேரேற்றம் மட்டும் உடையனவாகின்றன. அவை அல்பாப் பளிங்கின் வளரும் முகங்களிற் சென்று பொருந்தி, அடுத்த மூலக்கூறு வந்து அமைவதைத் தடுக்கின்றன. அல்பா தளர, காமா மேலெழுகின்றது. அறைவெப்பநிலையில் உறுதி மிக்கது காமாவே. எனினும், விரைந்து வளரும் அல்பா, தூய நீரில் அதனை முந்திவிடுகின்றது. அமிலத்தை வரம்பின்றிச் சேர்த்தாலோ கிளைசீன் அவ்வமிலத்தோடு கூடி வேறோர் உப்பாகிவிடும். ஆதலின் அளவறிதலே இங்குத் தலையாய திறன்.

இனி ஒளியின் செய்தியைக் கூறுவோம். 1961 இல் பிராங்கனும் அவர்தம் குழுவினரும் குவார்ட்சுப் பளிங்கினூடே செந்நிற லேசர் ஒளியைச் செலுத்தி, அலைநீளம் பாதியான ஒளியைப் பெற்றனர். இதே முறையில், கண்ணுக்குப் புலனாகாத 1064 நனோமீற்றர் ஒளி, தக்க பளிங்கிற் புகுந்து 532 நனோமீற்றர்ப் பச்சை ஒளியாக வெளிவரக் கூடும். அல்பாக் கிளைசீன் இதனைச் செய்யாது. எதிர்நோக்கிய இணைகளில் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும். காமாவிலே மூலக்கூறுகள் ஒருதிசை நோக்கிப் புரிபோல் அமைதலின், அவ்வாற்றல் அதற்கு உண்டு. சந்தையில் விற்கும் பச்சை லேசர்க் கருவிகளில் இருப்பவை வேறு பளிங்குகள். அமினோ அமிலப் பளிங்குகள் பெரும்பாலும் ஆய்வுநிலையிலேயே உள்ளன. ஆயினும், ஒரே பொருள் தான் பிறந்த கரைசலின் புளிப்பினால் ஒளியை மாற்றும் ஆற்றலைப் பெற்றும் பெறாமலும் இருத்தல் வியக்கத்தக்கதன்றோ?

இத்துறையில் தமிழர் பின்தங்கியவரல்லர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982 இல் பேராசிரியர் பெ. இராமசாமியின் முயற்சியாற் பளிங்கு வளர்ப்பு மையம் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் கிளைசீன், அலனீன் முதலியவற்றின் பளிங்குகளை மாணவர் வளர்த்து ஆராய்ந்துள்ளனர். பளிங்கைச் சோதிக்கும் கருவிகள் விலையுயர்ந்தவை. வளர்க்கும் முறையோ எளியது. கண்ணாடிக் குவளை, துளையிட்ட மூடுதாள், பீ.எச். அளக்கும் கருவி, அசையாத மேசை, பொறுமை ஆகியனவே வேண்டுவன.

இவை நல்லதண்ணிப் பிள்ளைக்கு எட்டாத செய்திகளா? அமிலத்தின் நடுவிலேயே அப்பிள்ளை வாழ்கின்றது. தேயிலைச் செடி விரும்புவது பீ.எச். 4.5 முதல் 5.5 வரையான புளித்த மண். மண் அளவிறந்து புளித்தால் மலையில் டொலமைற் தூவுவர். அம்மூடையைச் சுமப்பவர் அப்பிள்ளையின் தந்தையார். மலையகத்தார் சாயத்தண்ணி என்றும் யாழ்ப்பாணத்தார் பிளேன்ரீ என்றும் கூறும் தேநீரில் தேசிக்காயைப் பிழிந்தால் நிறம் வெளிறுவதும் அமிலத்தின் செயலே. அப்பிள்ளையின் தாயார் கொய்யும் கொழுந்திலே தியனீன் என்னும் அமினோ அமிலம் உண்டு. 1949 இல் ஜப்பானியர் அதனைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தனர். பொருள்கள் யாவும் வீட்டிலும் மலையிலும் உள்ளன. அவற்றைக் கைக்கொண்டு சோதித்துப் பார்க்க ஓர் அறைதான் இல்லை.

தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழ் இருந்து, 1970களிலேயே அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. இன்றும் தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை வீட்டை விட்டுத் தூரத்து நகருக்குச் செல்லல் வேண்டும். பேருந்துச் செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் வழியில்லையேல் விருப்பத்தைக் கைவிடல் வேண்டும். இந்நிலையில், தோட்டப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் வராது என்று படித்தவரும் கூறக் கேட்டுள்ளோம். கிளைசீனைத் தூய நீரிலே மட்டும் வளர்த்தவர், அதற்கு ஒளியை மாற்றும் ஆற்றல் இல்லையென்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது இக்கூற்று. குறை பொருளிலன்று, அதனை இட்ட கரைசலில் உள்ளது.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. விழாவின் நினைவாக வளைவும் தூணும் எழுப்ப எண்ணும் பழைய மாணவர், அச்செலவில் ஒரு பகுதியை மலையகப் பாடசாலையொன்றின் சிறு ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குவாராக. கீழ்வகுப்புப் பிள்ளைகள் உப்பும் சீனியும் படிகாரமும் கொண்டு பளிங்கு வளர்க்கட்டும். தென்மேற்குப் பருவமழையில் நீர் மெல்ல ஆவியாவதையும், தை மாசியில் விரைவதையும் நாட்குறிப்பில் எழுதட்டும். மேல்வகுப்பினர் ஆசிரியர் துணையுடன் கிளைசீனை இரு குவளைகளில், ஒன்றில் நீர் மட்டுமாகவும் மற்றொன்றில் அசற்றிக் அமிலம் சேர்த்தும், வளர்த்து ஒப்பிடட்டும். எவ்வடிவம் என்று ஐயமறத் துணிய எக்ஸ்-கதிர்க் கருவி வேண்டும். அது பல்கலைக்கழகத்தின் பணி. உற்று நோக்குதலும், அளத்தலும், கண்டதைப் பிழையற எழுதுதலும் பாடசாலையின் பணி. அவ்வெழுத்தைத் திருத்தும் பொறுப்பைத் தமிழாசிரியராகிய யாம் மகிழ்வுடன் ஏற்போம்.

ஒழுகும் கூரைக்கு முதலில் வழி காண்க என்பாரும் உளர். கூரையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும், கூரை வேய்ந்த பின்னரே விஞ்ஞானம் என்று காத்திருந்த தலைமுறைகள் பல பள்ளியை விட்டு மலைக்குச் சென்றுவிட்டன. பளிங்கு வளரக் காலம் வேண்டும். அதற்குக் கரைசலை இன்றே ஆயத்தம் செய்தல் வேண்டும். கல்வியின் பயனை நன்கு அறிந்தவர் இக்கல்லூரியின் மக்கள். அவர்கள் இதனைச் செய்வார்கள் என்னும் நம்பிக்கை எமக்கு உண்டு. கல்லூரித்தாய் நீடு வாழ்க!