கரடிக்குட்டி விசுக்கோத்துக்கு என்ன விலை?

வட்டக்கச்சியில எங்கட அக்காமார் கரடிக்குட்டி, மிக்கி மவுஸ் எண்டு விசுக்கோத்து சுட்டால், "உது வெளிநாட்டு மோகம்" எண்டு சிரிக்கினம். நாங்கள் கேட்கிறோம்: பிள்ளைக்குப் பல் முளைச்சால் பல்லுக்கொழுக்கட்டை அவிச்சு, தேங்காய்ச் சொட்டைப் பல்லாக் குத்தினது ஆர்? எங்கட அம்மம்மாமார்தானே! பிள்ளைக்காக மாவுக்கு வடிவம் வைப்பது எங்களுக்குப் புதிசில்லை.

இண்டைக்கு அதுக்கு விலை கேட்கினம். அதுதான் சிலருக்குப் பொறுக்கேல்லை. 2022 நெருக்கடியில மா, முட்டை, பட்டர், காஸ் எல்லாம் என்ன விலைக்கு ஏறினது எண்டு எல்லாருக்கும் தெரியும். கண்ணையும் மூக்கையும் ஐசிங்கால ஒவ்வொண்டாக் கையால வரைய வேணும். ஒரு நிறம் காய்ஞ்சாப் பிறகுதான் மற்றது. "வீட்டில சும்மா இருந்து செய்யிறதுதானே, குறையுங்கோ" எண்டு கேட்கிறவையே, வெதுப்பகத்தில போய் இப்பிடிக் கேட்பியளோ?

அடுத்த பிறந்தநாளுக்கு ஓடர் குடுக்கேக்க, அக்கா சொல்லுற விலையைக் குடுப்பம்.