சம்பளத்தை விடும் முன் கணக்கைப் போடுங்கள்

‘வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன் சார். இனி விவசாயம்தான்’ என்றபடி சென்ற மாதம் வில்லாபுரத்தில் என் வீட்டுக்கு ஓர் இளைஞர் வந்தார். வலையங்குளம் பக்கம் அப்பா விட்டுப் போன ஒரு ஏக்கர் இருக்கிறது. மல்லிகை போடப் போகிறார். ‘மூன்று வருஷ வீட்டுச் செலவுக்குக் கையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டேன். நகை இருக்கிறது என்றார். அது அவர் மனைவியின் நகை.

இப்படி வருகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. மண்ணுக்குத் திரும்ப நினைப்பது நல்ல மனசு. ஆனால் கணக்குப் போடாமல் இறங்குகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே கடனோடு பழைய வேலையைத் தேடிப் போகிறார்கள். அதன்பின் நிலத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மல்லிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 2,600 செடிகள் வேண்டும். முதல் ஆண்டில் கிடைக்கும் பூ சொற்பம். மூன்றாம் ஆண்டில்தான் முழு மகசூல். பூ குவியும் கோடையில் விலை சரியும். கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் மார்கழியில் செடியில் மொட்டு இருக்காது. 2013ல் மதுரை மல்லிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அன்றைய விலையைக் காப்பாற்றாது. மொட்டு விரியும் முன் தினமும் பறித்தாக வேண்டும். மழையானாலும் விசேஷமானாலும் லீவு கிடையாது. செலவில் பெரும்பங்கு பறிகூலிக்கே போய்விடும்.

கடன் இருக்கிறதே என்பீர்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது உரத்துக்கும் ஆள்கூலிக்குமான பணம். மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அதில் கைவைத்தால் தவணை தவறும், வட்டியும் ஏறும். பி.எம். கிசானில் வருவதோ ஆண்டுக்கு 6,000 ரூபாய்.

‘நம்மாழ்வார் வேலையை விடவில்லையா?’ என்று பலர் கேட்கிறார்கள். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையப் பணியை அவர் 1969ல் விட்டது உண்மை. ஆனால் அடுத்த பத்தாண்டுகள் களக்காடு பகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணியாற்றினார் என்பதை யாரும் சொல்வதில்லை. கொள்கைக்கு ஒவ்வாத வேலையை விட்டு, ஒத்துவரும் வேலைக்குப் போனார். ஒரு ஏக்கர் வெள்ளாமையை நம்பி அவர் வீட்டு உலை கொதிக்கவில்லை.

நீங்களும் வேலையில் இருந்தபடியே தொடங்குங்கள். முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதியுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு முதல் பயிராக மல்லிகை வேண்டாம். புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாகக் குதிரைவாலி விதைக்கலாம். பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கம் காலங்காலமாகச் செய்வதுதான். சுமார் 100 நாளில் அறுவடை. தினமும் நிற்க வேண்டியதில்லை. வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கும் கூலி போட்டு எழுதுங்கள். அதை எழுதாத கணக்கில் எல்லாப் பயிரும் லாபம்தான்.

வேலையை எப்போது விடலாம்? என் அளவுகோல் இது: நிலத்தின் நிகர வருமானம் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வீட்டுச் செலவில் பாதியைத் தாங்க வேண்டும். ஓர் ஆண்டுச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் மனதாரச் சம்மதிக்க வேண்டும்.

‘இப்படிக் காத்திருந்தால் ஆசையே ஆறிப்போகுமே’ என்றார் அந்த இளைஞர். மூன்று ஆண்டில் ஆறிப்போகிற ஆசை, மூன்று ஆண்டு மல்லிகைச் செடியைத் தாங்காது என்றேன். ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். முடியாவிட்டால், சின்னதாகவேனும் ஒரு சம்பளம் தேடிக்கொண்டு, கால் ஏக்கரில் மட்டும் மல்லிகை வைக்கலாம். அதற்கு நகை அடகுக்குப் போக வேண்டியதில்லை.