வேலியில் தொடங்கிய புனர்வாழ்வு

அழிவு நடந்த முதல் மாதத்தில் உதவி குவிவதும், ஆறாம் மாதத்தில் அது வற்றிப்போவதும் இடம்பெயர்ந்து வாழ்ந்த எவருக்கும் புதிய செய்தியல்ல. முதலில் தறப்பாள், பாய், சட்டி பானை, உலர் உணவு வரும். பின்னர் படிவங்கள் வரும். அதன் பின்னர் எவரும் வருவதில்லை. ஒரு கமக்காரக் குடும்பம் பற்றையேறிய காணியைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, விதைநெல் தேடி, மாடு கன்று சேர்த்துப் பழைய நிலைக்கு வர எத்தனை போகம் செல்லும் என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நீண்ட காலத்துக்கான உதவியை ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் யார்? பாதிக்கப்பட்ட ஊர்ச் சனங்களே என்பது எமது கருத்து. காட்டுத்தீயில் வீடு வாசலை இழந்த அவுஸ்திரேலியக் கிராமங்களின் அனுபவத்தை அதற்குச் சான்றாகக் காட்டலாம்.

2009 பெப்ரவரி 7, சனிக்கிழமை. விக்டோரியா மாநிலத்தின் தலைநகர் மெல்பேர்ணில் அன்று வெப்பம் 46.4 பாகை செல்சியஸ். வரட்சியில் காய்ந்துகிடந்த காட்டிலும் புல்வெளியிலும் பெருங்காற்றோடு தீ பாய்ந்தது. 173 பேர் மாண்டனர். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அன்றைய தீக்களில் மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோன கில்மோர் கிழக்குத் தீ, அறுந்துபோன ஒரு மின்கம்பியால் மூண்டது. அதற்காகப் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில் ஏறத்தாழ 50 கோடி அவுஸ்திரேலிய டொலர் நட்டஈட்டுக்கு இணக்கம் ஏற்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான். பணக்கார நாட்டிலும் நீதி வர ஐந்து வருடம் ஆகிறது.

அந்தக் கில்மோர் கிழக்கில் கெவின் பட்லர், ரொண்டா பட்லர் என்ற தம்பதியர் 1,500 செம்மறி ஆடுகள் வளர்த்து வந்தனர். தீயில் அவர்களுடைய வேலிகள் எரிந்துபோயின. வேலி இல்லாவிட்டால் ஆடு தெருவுக்குப் போகும், வாகனத்தில் அடிபடும், மிஞ்சிய புல்லையும் மேய்ந்து முடித்துவிடும். அதாவது, தீக்குத் தப்பிய சீவனையும் வேலி இல்லாமல் இழக்க வேண்டிவரும். கூலிக்கு வேலி போடுபவர்கள் வர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே உறவினர், நண்பர், அயலவர் என்று அழைத்தார்கள். ஒரு கிழமையில் வேலி முடிந்தது. பெற்ற உதவியை மற்றவர்களுக்கும் செய்வோம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிவித்தல் போட்டார்கள். 'பிளேஸ் எயிட்' என்ற தொண்டர் அமைப்பு இப்படித்தான் பிறந்தது. பின்னர் 2019–2020 கோடைகாலப் பெருந்தீயின் பிறகும், வெள்ளங்களின் பிறகும் இதே வேலையை அது பல இடங்களில் செய்தது.

இவர்களுடைய முறையைக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஊரின் விளையாட்டு மைதானம் போன்றதொரு பொது இடத்தில் முகாம் போடுகிறார்கள். இந்த முகாம் அகதிகளுக்கல்ல, உதவ வருபவர்களுக்கு! ஓய்வுபெற்ற பலர் தங்கள் வண்டி வீடுகளோடு வந்து தங்குகிறார்கள். காலையில் சிறு குழுக்களாகப் பிரிந்து பண்ணைகளுக்குப் போய், கருகிய கட்டைகளைப் பிடுங்கி, எரிந்த கம்பியைச் சுருட்டி எடுத்து, புதுக்கட்டை நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். கூலி இல்லை. காணிக்காரரும் கூடநின்று வேலை செய்கிறார். தேநீர் வேளையில் அவர் பேசத் தொடங்குகிறார். மனநல ஆலோசகரிடம் போகமாட்டேன் என்று வீம்பாக நிற்கும் கமக்காரன்கூட, கம்பி இழுக்க வந்தவரிடம் மனம்விட்டுப் பேசுவான். கதியால் போட்டு வேலி அடைக்க அயலைக் கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது விளங்காத விடயமல்ல.

வேலி ஒரு பகுதிதான். வீடு, பள்ளிக்கூடம், வீதி, கடன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஊருக்கொரு குழு வேண்டும். தீ நடந்த சில நாட்களிலேயே விக்டோரியா அரசாங்கம் புனரமைப்புக்கென ஓர் அதிகாரசபையை நிறுவியது. அதனோடு பேச முப்பது வரையான சமூக மீட்புக் குழுக்கள் ஊர்களில் உருவாயின. எல்லாம் நன்றாக நடந்ததென்று சொல்வதற்கில்லை. சில இடங்களில் குழுவில் இருப்பவர்களை யார் தெரிந்தார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஸ்ட்ராத்யூவன் என்ற சிற்றூர் இதில் வேறு வழி போனது. 27 பேரைப் பறிகொடுத்த ஊர் அது. பள்ளிக்கூடமும் பொதுமண்டபமும் எரிந்துவிட்டன. அந்தத் துயரத்தின் நடுவிலும் ஊரவர்கள் முறைப்படி பெயர் பிரேரித்து, வாக்களித்துத் தங்கள் சங்கத்தைத் தெரிவுசெய்தார்கள். இதனால் நாட்கள் செலவாகியிருக்கும். ஆனால் தெரிவுசெய்யப்பட்ட குழு சொல்வதை அதிகாரியும் தட்டமுடியாது, ஊரவரும் குறைசொல்ல முடியாது.

மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்து விசாரித்தார்கள். பெரும்பாலானோர் மெல்லமெல்லத் தேறினார்கள். ஆனால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் பலருக்கு ஐந்து வருடத்தின் பின்னும் மனப்பாரம் தீரவில்லை. எனவே மீட்புத் திட்டம் ஐந்து வருடத்துக்காவது வகுக்கப்பட வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். ஊர்ச் சங்கமொன்றில் சேர்ந்திருந்தவர்களின் மனநலம் பொதுவாக மேலாக இருந்தது. ஆனால் பல சங்கங்களில் ஓடித்திரிந்தவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. மாதர் சங்கத்துக்கும், கடனுதவிச் சங்கத்துக்கும், கோயில் சபைக்கும், பாடசாலைக்கும் ஒரே பெண்ணைச் செயலாளராக வைத்திருக்கும் ஊர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கட்டும்.

இன்னுமொன்றும் தெரியவந்தது. தனக்கு வேண்டியவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால், எஞ்சியிருப்பவருக்கு மனச்சோர்வு வரும் சாத்தியம் கூடுதல். கிங்லேக், மேரிஸ்வில், பிளவர்டேல் ஆகிய இடங்களில் எரிந்த ஊருக்குள்ளேயே தற்காலிகக் குடியிருப்புகள் அமைத்ததன் பயன் இங்கேதான் இருக்கிறது. சனங்கள் தங்கள் காணிக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் அருகிலேயே இருக்க முடிந்தது. அதே 2009இல் வன்னிச் சனங்கள் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அது வசதியான நாடு, காப்புறுதியும் அரச பணமும் இருந்தன, நமக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பணத்தைப் பொறுத்தவரை ஒப்பிடவே முடியாது. ஆனால் வாக்களித்துக் குழு தெரிவதற்கும், வேலியடைப்புக்கு முறைவைத்துப் போவதற்கும் டொலர் தேவையில்லை. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பாளரை அரசாங்கம் ஒதுக்கியது, ஒரே துயரத்தைப் பத்துக் கந்தோரில் சொல்லித்திரியாமல் இருப்பதற்காக. நமது கிராமத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ யுவதியோ பத்துக் குடும்பங்களுக்கு இதைச் செய்யலாம்.

குழு தொடங்கும் நாளிலேயே ஒரு கொப்பி போட வேண்டும். அதில் உறுதி உள்ளவரின் பெயர் மட்டும் வந்தால் போதாது. குத்தகைக்குச் செய்தவர், பிறர் வயலில் கூலிக்கு நின்றவர், ஆண்துணையில்லாக் குடும்பம், வேறு மாவட்டத்தில் இன்னும் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர் எல்லோரும் வர வேண்டும். யாருக்கு எது, எந்தப் போகத்துக்கு முன் வேண்டும் என்று பக்கத்தில் எழுத வேண்டும். நிறுவனங்கள் வரும்போது தங்கள் பட்டியலோடு வரும். ஊரின் கொப்பியை முதலில் மேசையில் வையுங்கள்.