1000 வாற்ஸ் எண்டா எவ்வளவு நேரத்துக்கு?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாடு இது. பற்றரியும் இன்வேட்டரும் சேர்ந்த பெட்டியொன்றை வாங்க நினைப்பதை ஆடம்பரம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். எங்களுக்கு எரிச்சல், பெட்டியில பெரிசா அடிச்சிருக்கிற '1000 வாற்ஸ்' தான். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதை மட்டுமே அது சொல்லும். எவ்வளவு நேரம் ஓடும்?

அதுக்கு வாற்-அவர் கேக்கோணும். 12 வோல்ற், 100 அம்பியர்-அவர் பற்றரி எண்டால் பெருக்கிப் பாருங்கோ, 1200. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கினால் கெதியாப் பழுதாகிடும், ஆகவே கைக்கு வாறது 600. ஃபான் 50, லப்டொப் 60, ரவுட்டர் 10 வாற்ஸ். இன்வேட்டர் தின்னுறதும் போக நாலு மணித்தியாலம் சொச்சம். (கேத்தலைக் கொழுவுற ஆசையை விடுங்கோ.) லித்தியம் இரும்பு பொஸ்பேற் விலை கூடத்தான், ஆனால் 80 வீதத்தையும் தாராளமாகப் பாவிக்கலாம். வாற்-அவர் சொல்லாத பெட்டிக்குக் காசு குடுக்காதேங்கோ.