விழித்திரையின் நரம்பணுக்கள்



கண்புரை வந்தவர் அறுவை மருத்துவத்தால் பார்வையைத் திரும்பப் பெறுகிறார். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயிலோ இழந்த பார்வை மீள்வதில்லை. இவ்வேறுபாட்டை நம் குடும்பங்கள் பல அறியாமையால், 'சொட்டு மருந்து விட்டும் பார்வை கூடவில்லையே' என்று மருந்தை நிறுத்திவிடுவோர் உளர். ஆகவே இதனைச் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

கண்ணின் உட்புறத்தே ஒளியை ஏற்கும் மெல்லிய படலமே விழித்திரை. அதில் பதியும் காட்சியை மூளைக்கு அனுப்பும் நரம்பணுக்கள், ஒரு கண்ணில் ஏறத்தாழ 10 இலட்சம் உள்ளன. அவற்றின் நீண்ட இழைகள் ஒன்றுகூடியே பார்வை நரம்பாகின்றன. கிளாக்கோமாவில் இவ்வணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. பெரும்பாலும் பார்வையின் ஓரப்பகுதிகளே முதலில் தேய்வதாலும், ஒரு கண்ணின் குறையை மறுகண் ஈடுசெய்வதாலும், நோயாளர் நெடுநாள் எதையும் உணர்வதில்லை.

இவ்வணுக்களையே நேராகக் காக்க இயலாதா என்று அறிவியலார் முயன்றனர். நரம்பணுக்கள் தம்முள் செய்தி பரிமாறக் குளுட்டமேட் என்னும் பொருள் பயன்படுகிறது. அதனைப் பெற்றுக்கொள்ளும் வாயில்கள் அணுவின் மேற்பரப்பில் உள்ளன. இவற்றை ஏற்பிகள் என்பர். குளுட்டமேட் அளவு மீறினால் சுண்டெலியின் விழித்திரை அழிவதை லூக்காஸ், நியூஹவுஸ் என்னும் இருவர் 1957-இல் கண்டறிந்தனர். அதன் காரணமும் பின்னர் விளங்கிற்று. என்.எம்.டி.ஏ. எனப்படும் ஏற்பி மிகுதியாகத் திறந்து நிற்கையில், கால்சியம் வரம்பின்றி உட்புகுந்து அணுவைக் கொல்கிறது.

அவ்வாயிலை அடைக்கும் மருந்து மெமன்டின். ஆல்சைமர் என்னும் மறதி நோய்க்கு அமெரிக்காவில் 2003-இல் ஒப்புதல் பெற்றது. கண் அழுத்தம் உயர்த்தப்பட்ட குரங்குகளில் நரம்பணு இழப்பை அது குறைத்ததாக 2004-இல் ஆய்வு வெளியாயிற்று. பின்னர்க் கிளாக்கோமா நோயாளர் ஏறத்தாழ 2,300 பேரிடம், 4 ஆண்டுகள் வீதம், இரு பெரும் சோதனைகள் நடந்தன. 2018-இல் வெளியான முடிவு ஏமாற்றமே அளித்தது. மெமன்டின் உண்டவர்க்கும் வெற்று மாத்திரை உண்டவர்க்கும் நோய் முற்றியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

சிக்மா-1 போன்ற வேறு ஏற்பிகளை நாடியும் சுண்டெலிகளிடம் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. அவற்றை நாம் வரவேற்கிறோம். எனினும் விலங்கிடம் வென்ற மருந்து மனிதரிடம் வெல்லுமென்னும் உறுதி இல்லை. அத்தகைய செய்தியைப் படித்துவிட்டுக் கையிலுள்ள மருந்தைக் கைவிடுதல் ஆகாது.

கண் அழுத்தத்தைக் குறைத்தலே இன்று மெய்ப்பிக்கப்பட்ட வழி. ஸ்வீடன் நாட்டின் மால்மோ, ஹெல்சிங்போரி நகரங்களில் தொடக்கநிலை நோயாளர் 255 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டோரில் 100-க்கு 62 பேருக்கு நோய் முற்றியது. சொட்டு மருந்தும் லேசர் சிகிச்சையும் பெற்றோரில் 45 பேருக்கே முற்றியது. மருந்து பார்வையைக் கூட்டுவதில்லை. எஞ்சியிருப்பதைக் காக்கத் துணைசெய்கிறது.

நாற்பது வயது கடந்தோர் கண் மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது நன்று. அழுத்தம் இயல்பாயிருப்பினும் இந்நோய் வரக்கூடும்; ஆதலின் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்பின் காலந்தாழ்த்தாதீர்கள். வீட்டில் முதியவர் சொட்டு மருந்து விடுபவராயின், நாள்தோறும் வேளை தவறாது விட இளையோர் உதவுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.